பச்சையாகிப்போன உளுந்து

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவார் அந்த ஆராய்ச்சிக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம், நகத்தில் மண், மடியில் ஒரு தட்டு நிறைய உளுந்துச் செடி. லீவு நாளில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று வீட்டுக்கே கொண்டுபோவார்.

உளுந்து வேரில் பாக்டீரியா குடியேறி முடிச்சு விட்டால்தான் செடிக்குத் தழைச்சத்து. சில செடி முடிச்சே விடாமல் வெளுத்துவிடும். வெளுத்ததையும் பச்சையையும் பிரித்துப் பிரித்து, கோளாறு எந்த ஜீனில் என்று பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தட்டு முழுக்கப் பச்சை.

"இன்னிக்கு எல்லாமே ஜோரா இருக்குதே சார்!"

"எங்க ஆராய்ச்சி நிலையத் தோட்டக்காரர் யூரியா போட்டுட்டார்பா. வெளுத்துக்கினு இருக்குதேன்னு பாவப்பட்டு. யூரியாவுலயே தழைச்சத்து கிடைச்சா எல்லாம் பச்சையாயிடும், நல்ல செடியும் முடிச்சு விடாது. இனிமே எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? மறுபடி முதல்லேர்ந்து விதைக்கணும்."

"திட்டலையா?"

"விவசாயி எங்கப்பாவா இருந்தாலும் யூரியாதான் போட்டிருப்பார்."

இறங்கப்போன பூக்கார அம்மா தட்டைப் பார்த்து நின்றார். "என்னா செழிப்பு! நல்ல கைராசி சார் உங்களுக்கு."

"ஆமாம்மா" என்றார் அவர். சிரித்தார் என்றுதான் ஞாபகம்.