டாக்டரின் வண்டியும் அரைச் சுற்றும்

அவரைக் 'காது' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பழைய மோட்டார் சைக்கிள் ஏதாவது தெருமுனையில் திரும்பும்போதே, தலையைத் தூக்காமல், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று சொல்லிவிடுவார். இறக்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வீட்டின் முன்னறை அவருடைய பட்டறை. பின்னறையில் மனைவி துணி தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதன் ஓரம் முழுக்க அவருடைய கிரீஸ் கை.

ஒரு மழைக்காலத்தில் பட்டறைத் தரையில் சிந்திய ஆயிலில் அவரே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. வண்டிகள் வாசலில் வரிசைகட்டி நின்றன. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார். தான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வது, அவள் திருகுவது என்று ஏற்பாடு. கார்ப்பரேட்டரில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை மெல்ல வெளியே திருகத் திருக எஞ்சின் சத்தம் ஏறும். ஏறியது இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் அவள் ஒவ்வொரு திருகுக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். அங்கேதான் அவருக்கு முதலில் சுருக்கென்றது.

பல் டாக்டர் ஒருவரின் இரட்டை சிலிண்டர் வண்டி வந்தது. அதில் கார்ப்பரேட்டரும் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிடாவிட்டால் வண்டி நொண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி, இரண்டு சைலன்சர் வாய்க்கும் நேராக உள்ளங்கைகளைக் காட்டினாள். இடது பக்கம் காற்று கொஞ்சம் தள்ளாடுகிறது என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவள் எழுந்து வந்து அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருகிவிட்டு, மறுபடி கையை நீட்டிப் பார்த்தாள். அவர் என்ன குறை சொல்லலாம் என்று தேடித் தேடிக் கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவள் தையலுக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார். வண்டிக்காரர்கள் விடவில்லை. வாசலில் அவர் மலை மாதிரி உட்கார்ந்திருக்க, "அக்கா இருக்காங்களா?" என்று அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. தையல் அப்படியே கிடக்கிறதே என்று அக்கறையாகக் கேட்டுப் பார்த்தார். தைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றாள்.

டாக்டரின் வண்டி மறுபடி ஆயில் மாற்ற வந்தது. அவள் கார்ப்பரேட்டர்களையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் வரும் நேரம். இவர் வண்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, இடது கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை உள்ளே ஒரு திருகு திருகினார்.

மறுநாள் டாக்டர் வியர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நின்ற சிக்னலில் எல்லாம் அணைந்துவிட்டதாம். அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள், காற்று போதாமல் கரி அப்பியிருந்தது. ஸ்க்ரூவைத் தொட்டவள் அப்படியே நின்றாள்.

"அதிர்வுல தளர்ந்திருக்கும்" என்றார் அவர்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தளர்ந்தா வெளியே வரும். இது உள்ளே போயிருக்கு."

மெதுவாகத்தான் சொன்னாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு டாக்டரிடம், தான் சரியாகக் கவனிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயே சரிசெய்து அனுப்பினாள். டாக்டர் பரவாயில்லை என்றார். ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை.

அவள் திட்டியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பார். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்த் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். அடுத்த நாளும் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவர் விரும்பியது அதுதான். ஆனால் வந்தவர்களிடம் அவளுக்குத் தலைவலி என்று சொல்லச் சொல்ல, அவருக்கு நாக்குக் கூசியது.

கடைசியில் சட்டை மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் அவரை நோயாளி நாற்காலியிலேயே உட்காரவைத்தார். எல்லோரும் வாயைத் திறக்கிற அந்த இடத்தில் அவருக்கு வாய் திறக்க வெகுநேரமாயிற்று.

"அவ மேல தப்பில்ல டாக்டர். திருகினது நான்."

"ஏன்?"

"எல்லாரும் அவளையே தேடுறாங்க. தாங்க முடியல."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். இனிமேல் என் வண்டியை உங்கள் மனைவி மட்டும் தொடட்டும் என்றார். இவரும் அது நியாயம்தான் என்று எழுந்து வந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நடந்ததைச் சொன்னார். டாக்டர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். அதைப் பார்த்ததும் மறுபடி அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறாமையா இருந்தா வாயால சொல்லுங்க. ஸ்க்ரூல காட்டாதீங்க" என்றாள்.

"இப்பவும் இருக்கு."

"தெரியுது. சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு கார்ப்பரேட்டர் அவள் பொறுப்பு, எஞ்சினும் கியரும் அவர் பொறுப்பு என்றாயிற்று. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. யாராவது அவள் கைராசியைப் புகழும்போது, அவர் கியர்ப் பெட்டிக்குள் குனிந்தபடியே, "எனக்கு வயிறு எரியுது" என்று உரக்கச் சொல்லுவார். "ரெண்டு பக்கமும் சமமா எரியுதான்னு பாருங்க" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து பதில் வரும். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.