புகார் எதுவும் இல்லை சார்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் நாற்காலியைத் தேய்த்தவன் நான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார். வந்தால் கலங்கலாக வருகிறது என்று புகார். தெளிவாக வந்தால், பக்கத்து வீட்டுக்கு அதிகம் வருகிறது என்று புகார். கேட்டுக் கேட்டே என் தலை நரைத்தது. அப்படிப்பட்ட எனக்கு, ஒரு புகாரும் சொல்லத் தெரியாத மனிதர் அத்தானாக வாய்த்தார்.

அக்காவின் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். தெருவில் அவருக்கு 'அட்டென்ஷன்' என்று பெயர். தபால்காரர் கையெழுத்து கேட்டால்கூட முதுகை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து நின்றுதான் போடுவார். பணியில் இருந்தபோது அவருடைய லாரி பள்ளத்தில் உருண்டு, இடது முழங்கால் நொறுங்கியது. கம்பி வைத்து ஒட்டினார்கள். அதன் பிறகு அது மடங்கவே இல்லை. காயம் பணியில் பட்டதுதான் என்று ராணுவமே எழுதிக் கொடுத்து, மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

மடங்காத காலை இழுத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் நடந்தார். உடம்பின் பாரம் முழுவதையும் வலது பக்கம் தாங்கியது. தாங்கித் தாங்கி, வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத மாத்தியே ஆகணும். இன்னும் ஒரு வருஷம் தள்ளினா சக்கர நாற்காலிதான்."

"சரி சார்" என்றார் அத்தான், பதவி உயர்வு கிடைத்தவரைப் போல.

அக்கா வீடு இரண்டாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலி என்றால் அந்த மனிதர் மிச்ச வாழ்நாளை ஜன்னலோடு கழிக்க வேண்டியதுதான். ராணுவ மருத்துவமனையில் மூட்டு மாற்றி வைப்பார்கள். ஆனால் இடுப்பு கெட்டதும் அந்தப் பழைய காயத்தால்தான் என்று முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே செய்துகொள்வது எங்களுக்கு எட்டாத காரியம். விண்ணப்பம் போட்டோம். வாரியத்தின் டாக்டர் கூப்பிட்டுப் பரிசோதித்தார். நான்கு மாதம் கழித்து நிராகரித்துக் கடிதம் வந்தது.

அரசாங்கக் கடிதங்களை எழுதியே வயிறு வளர்த்தவன் நான். ஆனாலும் அந்தக் கடிதத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கத் தோன்றியது. 'விண்ணப்பதாரருக்குப் பணியில் காயம்பட்டது இடது முழங்கால். தற்போது பழுதடைந்திருப்பது வலது இடுப்பு. இரண்டுக்கும் இடையே தொடர்பு நிறுவப்படவில்லை.' இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கின்றன என்பதை அவர்கள் ஒரு தொடர்பாகவே மதிக்கவில்லை. எலும்பு டாக்டர் கொடுத்த கடிதத்தில் 'காரணமாக இருக்கலாம்' என்று இருந்ததாம். 'இருக்கலாம்' என்றால் இல்லாமலும் இருக்கலாமாம்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த பத்தியைப் படித்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'கடந்த பதினெட்டு ஆண்டுகளில் நடந்த வருடாந்திரப் பரிசோதனைகள் அனைத்திலும், புகார் எதுவும் இல்லை என்று விண்ணப்பதாரரே கூறியுள்ளார். மேலும், அண்மைப் பரிசோதனையின்போது நாற்பது நிமிடங்கள் சிரமம் ஏதுமின்றி நேராக நின்றார்.'

"நின்னீங்களா?" என்று கேட்டேன்.

"டாக்டர் மேஜர் ரேங்க், மாப்ளே. உட்காருன்னு சொல்லல."

"வலிக்கலயா?"

"அவர் அதக் கேக்கல. ஏதாவது புகார் உண்டான்னுதான் கேட்டார்."

"நீங்க?"

"இல்லை சார்னு சொன்னேன். பெரிய அதிகாரி கேட்டா அப்படித்தான் சொல்லணும். இருக்குன்னு சொன்னா நம்ம யூனிட்டுக்குக் கெட்ட பேரு."

யூனிட்டை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்த யூனிட்டே கலைக்கப்பட்டுவிட்டது. இல்லாத யூனிட்டின் நல்ல பெயரைக் காப்பாற்ற இந்த மனிதர் தன் இடுப்பைக் காவு கொடுத்திருக்கிறார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம். எனக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. முதலில் எலும்பு டாக்டரைப் போய்ப் பிடித்தேன். "அது என்ன டாக்டர் இருக்கலாம்? நிச்சயமாத் தெரியலன்னா மூட்ட மாத்தச் சொன்னது எதுக்கு?" என்று கத்தினேன். அவர் நல்ல மனிதர். மடங்காத முழங்கால் நடையைக் கோணலாக்குகிறது, கோணல் நடை மறுபக்க இடுப்பைத் தேய்க்கிறது, இவருடைய இடுப்பு கெட்டதற்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனாலும் பதினெட்டு 'புகார் இல்லை' குறுக்கே நின்றன. அவற்றை எதிர்க்கக் கண்ணால் பார்க்கிற சாட்சி வேண்டும். அப்போதுதான் அத்தானின் செருப்பு ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது. ராணுவ வழக்கம், எதையும் தூக்கி எறிய மாட்டார். ஆறு ஜோடி பழைய ஷூ வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் வலது அடி காகிதமாகத் தேய்ந்திருந்தது. இடதில் விரல் நுனி மட்டும் இழுபட்டுக் கிழிந்திருந்தது. அவருடைய நடை முழுவதும் அங்கே எழுதி வைத்ததுபோல் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை.

"அத்தான், விசாரணைக்கு இந்த ஷூ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பெரிய அதிகாரிங்க பாக்கப் போறாங்க" என்றேன்.

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற கர்னல், நரைத்த மீசை. அவருக்கு வலப்பக்கம் ஒரு பெண் டாக்டர். இடப்பக்கம் குறிப்பெடுக்கும் எழுத்தர். அத்தான் உள்ளே நுழைந்து விறைத்து நின்றார். தலைவர் உட்காரச் சொன்னார்.

"பரவாயில்ல சார்" என்று நின்றார். அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். பெண் டாக்டர் படித்துத் தலையசைத்தார். பிறகு, "இதோ சாட்சி" என்று அத்தான் கட்டிக்கொண்டு வந்த பையைத் திறந்து ஷூக்களை மேசைமேல் வைத்தேன்.

ஆறு ஜோடியும் கண்ணாடியாக மின்னின. எல்லாவற்றுக்கும் புது அடி. எழுத்தர் ஒன்றைத் தூக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன அத்தான் இது?"

"தேஞ்சு போயிருந்தது, மாப்ளே. அதிகாரி முன்னாடி அப்படியா வைக்கிறது? நேத்துதான் எல்லாத்துக்கும் அடி போட்டு, பாலிஷ் பண்ணினேன்."

பாவி மனிதர். தன் கையாலேயே தன் சாட்சியைக் கொன்று, அதற்குப் பாலிஷும் போட்டிருந்தார். தலைவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். ஆனால் சிரிப்பு கோப்பில் ஏறாதே. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு நேராகவே கேட்டார்.

"கடைசியா ஒரு கேள்வி. இப்ப உங்களுக்கு வலி இருக்கா?"

"இல்லை சார்!"

குரல் கணீரென்று சுவரில் மோதித் திரும்பியது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று பையைச் சுருட்டினேன். அப்போது அக்கா எழுந்தாள். நாற்பது வருடமாக வெளியிடங்களில் தான் வாய் திறக்காமல் என்னையே பேசவிடுகிறவள் என் அக்கா.

"ஐயா, நீங்க கேட்டா இவர் சொல்ல மாட்டார். நான் கேட்டும் சொன்னதில்ல. ஆர்டர் போடுங்க, சொல்லுவார்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தான் பக்கம் திரும்பினார். பிறகு அவர் குரல் மாறியது.

"டிரைவர்! உட்கார்."

அத்தான் உட்கார்ந்தார். உட்காரும்போது வலது கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது. பெண் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"வலி பத்தி ரிப்போர்ட் குடு. ஆரம்பத்துலேருந்து. எதையும் விடக் கூடாது. இது ஆர்டர்."

"எஸ் சார்."

வண்டி பழுதை அதிகாரியிடம் ஒப்பிப்பதுபோல அத்தான் ஆரம்பித்தார். இடம், வலது இடுப்பு, முன்பக்கம். ஆரம்பித்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். முதலில் மாலையில் மட்டும். ஐந்து வருடமாக எப்போதும். மாடிப்படி மொத்தம் முப்பத்தாறு, ஒன்பதாவது படியில் வலி பிடிக்கும், பதினெட்டில் நின்று, போன் வந்ததுபோல் நடிப்பார். வலது காலுக்குச் சாக்ஸ் போட இருபது நிமிடம், அதனால்தான் குளியலறைக் கதவைத் தாழிடுவார்.

"நாலு வருஷமா மனைவியோட மார்க்கெட் போறதில்ல சார். அவ நடைக்கு என்னால ஈடு குடுக்க முடியல. போக இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன். அவளும் நம்பிட்டா சார்."

பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒரு முனகல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. முடித்து, "ரிப்போர்ட் முடிந்தது சார்" என்றார்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அந்த நாலு வருடமும் அவள் வேறொன்று நினைத்திருந்தாள். தன்னோடு சேர்ந்து நடக்க இந்த மனிதருக்கு வெட்கம், தான் குண்டாகிவிட்டோம், தன்மேல் அலுத்துவிட்டது என்று. என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். நானும் பெரிய மனுஷனாக, "ஆம்பளைங்க வயசானா அப்படித்தான்க்கா" என்று ஆறுதல் சொன்னேன். முப்பத்தோரு வருடம் புகார் கேட்ட காது என்னுடையது.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. இடது முழங்காலுக்கும் வலது இடுப்புக்கும் தொடர்பு நிறுவப்பட்டுவிட்டதாம். மருத்துவக் கருத்தும், 'விண்ணப்பதாரரின் விரிவான, முன்னுக்குப்பின் முரணற்ற வாக்குமூலமும்' காரணம் என்று எழுதியிருந்தார்கள். ஷூக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெருந்தன்மை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை நானும் அக்காவும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்தாள்.

"தாத்தா, வலி ஏதாவது இருக்கா?"

"இல்லை மேடம்" என்றார் அத்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

நர்ஸ் எழுதப் போனாள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"டிரைவர்! ரிப்போர்ட்!"

அடுத்த கட்டில்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அத்தான் அக்காவையே பார்த்தார். படுத்தபடியே முதுகை நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை.

"வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குது."

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க" என்றாள்.