சனிக்கிழமைக் கிணறுகள்

பன்னிரண்டு கிணறுகள் கூட்டுச் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றின. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, முழுதாக இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. அன்றைக்கு வந்தது கோபம். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது இரண்டும் சிவக்கும், பிறகு வாய் நிற்காது.

கிளிநொச்சியில் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக நான் எடுத்த ஆய்வு, உருத்திரபுரத்தில் ஓர் ஒழுங்கையில் உள்ள பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை விடிய ஸ்கூட்டியில் போவேன். நுனியில் ஈயக்குண்டு கட்டிய அளவுநாடாவைக் கிணற்றுக்குள் விடுவேன், எழுதுவேன், தேத்தண்ணி குடிப்பேன், அடுத்த வீட்டுக்குப் போவேன். பன்னிரண்டு வீட்டிலும் தேத்தண்ணி. ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் வரைக்கும் அது ஒரு கதை.

அளந்ததை நான் பாதுகாத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, தங்கையின் கணினியில் ஒன்று. வீட்டுக்காரரின் பெயர் எங்கும் வராது. கிணறு ஒன்று, கிணறு இரண்டு என்று பன்னிரண்டு வரை இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு என்ற தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆய்வு முடிந்ததும் தரவையும் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும், உலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்று விதி வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ சந்தோசம், புளுகம் தாங்கவில்லை. பார்க்கட்டுமே, என் பிள்ளையை எல்லாரும் பார்க்கட்டும்!

ஏற்றுவதற்கு முன் என் மேற்பார்வையாளர் சேர் ஒரு வேலை சொன்னார். அதே ஊர்ப் பள்ளிக்கூடக் கிணற்றில் வவுனியா மாணவி ஒருத்தி தானாகவே அளக்கும் கருவி ஒன்றைப் போட்டிருந்தாள். அவளுடைய தரவை வாங்கி, என்னுடையதைக் கொடுத்து, இரண்டையும் ஒரே படத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். அவளுடைய கோடு மேலே சாவகாசமாகப் போகிறது. என்னுடைய பன்னிரண்டு கோடுகளும் அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடக்கின்றன.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிள்ளை இது? ஒரே ஊர், ஒரே நிலம். அங்க தண்ணி நிக்குது, உம்மட பன்னிரண்டிலயும் காணேல்லை. ஒண்டில் உம்மட நாடா பிழை, இல்லாட்டி..."

அதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் இருந்து இட்டுக்கட்டி எழுதினேன் என்பதுதான் அந்த மிச்சம் என்று எனக்கு விளங்கியது. காது சிவந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள காரணம் எழுதித் தாரும். காரணம் இல்லாமல் இதை ஏத்தேலாது. ஏத்தாமல் உம்மட ஆய்வேட்டைச் சோதனைக்கு அனுப்பவும் ஏலாது."

அன்று புதன்கிழமை. நாடாவை வேறு மூன்று நாடாக்களோடு வைத்துப் பார்த்தேன். பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. உடனே வவுனியாக்காரிக்குத் தொலைபேசி எடுத்து, உம்முடைய மிசின்தான் பிழை என்று சண்டைக்குப் போனேன். அவள் ஐஸ் தண்ணி மாதிரிப் பதில் சொன்னாள். "அக்கா, என்ர கருவி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அளக்குது. நீங்கள் மாசத்தில ஒரு நாள்தானே போறனீங்கள்? வேற ஒரு நாள் போய்ப் பாருங்கோவன்."

பைத்தியக்காரப் பேச்சு, விசர்க்கதை என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை விடியவே ஸ்கூட்டியை எடுத்தேன். அடுத்த நாள்தான் அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை.

ஒழுங்கைக்குள் திரும்பினால், மாரியும் இல்லை, மழையும் இல்லை, ஒழுங்கை முழுக்க வெள்ளம்! தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று இந்த முனையிலும் மற்றது அந்த முனையிலும் காது கிழியக் கத்துகின்றன. குழாயைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். முதல் வீட்டுக் கிணற்றடியில் அந்த வீட்டு அக்கா பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நிற்கிறார். கிணற்றுக்குள் இருந்து அவருடைய கணவர் தேங்காய்த் தும்பால் தேய்க்கும் சத்தம் வருகிறது. என்னைக் கண்டதும் அக்கா வாயில் கையை வைத்தார்.

"ஐயோ, தங்கச்சி வந்திட்டா! இஞ்சேருங்கோ, கெதியா மேல வாங்கோ! நாளைக்கெல்லோ வாறனீங்கள்? கிணறு இன்னும் ஒதுக்கி முடியேல்லை!"

"என்னக்கா செய்யிறீங்கள்?"

"என்ன செய்யிறது? நீங்கள் வாறதுக்கு இறைச்சுக் கழுவுறம்."

"ஒவ்வொரு மாசமுமோ?"

"பின்னை? வீட்டுக்கு ஆள் வரேக்க கூட்டாமல் விடுறதோ? நீங்கள் முற்றத்தையோ பாக்கிறீங்கள்? நேரா வந்து கிணத்துக்குள்ளதானே தலையை விடுறீங்கள்!"

"ஆர் அக்கா உங்களை இறைக்கச் சொன்னது?"

"நீங்கள்தான். முதன்முதல் அனுமதி கேட்டு வந்த நாள் எட்டிப் பாத்திட்டு, 'ஐயோ அக்கா, இந்தப் பாசித் தண்ணியையோ குடிக்கிறீங்கள்' எண்டு கேட்டனீங்களோ இல்லையோ?"

கேட்டிருப்பேன். இந்த வாய் கேட்கக்கூடிய வாய்தான். அந்த ஒரு வசனம் அன்றைக்கே பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கிணறு கூடப் பளபளக்கிறது என்று அவர்களுக்குள் போட்டி வேறு! கிணற்றை வெறுமையாக்கி அடுத்த நாள் விடிய என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நானும் உருத்திரபுரத்தில் நிலத்தடி நீர் வற்றுகிறது என்று கவலைப்பட்டு நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

கிணற்றுக்கட்டில் குந்திவிட்டேன். முதலில் அழுகைதான் வந்தது. "அக்கா, என்ர ரெண்டு வருசமும் போச்சு" என்றேன். இறைக்காத தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் என் இலக்கங்கள் ஒன்றுக்கும் உதவாது, பட்டம் கிடைக்காது என்று விக்கி விக்கிச் சொன்னேன். மிசின்கள் நின்றன. ஒழுங்கையே வந்து என்னைச் சுற்றி நின்றது.

"இறைக்க முதல் இருந்த தண்ணியோ?" என்றார் அக்கா. "அது கிடக்குது."

"எங்க கிடக்குது?"

அவர் குசினிக்குள் போய் ஒரு கொப்பியோடு வந்தார். முறைக் கொப்பி. வாய்க்கால் தண்ணியை முறை வைத்து வயலுக்கு விடுகிற சனம், பன்னிரண்டு கிணற்றுக்கு இரண்டு மிசினையும் முறை வைக்காமல் விடுமா? இன்னாருக்கு இத்தனை மணிக்கு, இவ்வளவு நேரம் என்று அக்காதான் எழுதிப் பிரித்துக் கொடுப்பாராம். "எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு பாத்துத்தானே நேரம் குடுக்கலாம்? ஒரு வீட்டுக்குக் கூட, ஒரு வீட்டுக்குக் குறைய எண்டால் இஞ்ச வெட்டுக்குத்து நடக்கும்."

முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட ஒரே கயிற்றால் பன்னிரண்டு கிணற்றையும் அளந்திருந்தார். இறைக்க முதல் இத்தனை முடிச்சு, இறைத்து முடிய இத்தனை, பின்னேரம் இத்தனை, விடிய இத்தனை. நான் வருவதற்குள் போதிய தண்ணி ஊறுமோ என்ற பயத்தில் இடையிடையே எழுந்து போய்ப் பார்த்துக் குறித்தாராம். இரண்டு வருடத்தில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

நாடாவால் கயிற்றின் முடிச்சுகளை அளந்தேன். அவருடைய இலக்கங்களை மீற்றருக்கு மாற்றி, தொலைபேசியில் இருந்த வவுனியாக்காரியின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோடும் கோடும் தோளில் கை போட்டுக்கொண்டு போயின! அதோடு, இறைத்த கிணறு எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது என்ற கணக்கும் கையில் கிடந்தது. அதை எடுக்கப் பெரிய பெரிய ஆய்வுக்காரர் தவம் கிடப்பார்கள். நான் கத்திய கத்தில் வேலியில் நின்ற கோழிகள் பறந்தன. அக்காவைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டை முழுக்கப் பாசி. பக்கங்களைப் படம் எடுத்துச் சேருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவரே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அந்தக் கொப்பியை மழையில நனைய விட்டிராதையும்! திங்கள் ஏத்துறம்!"

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு போய் அக்காவின் விறாந்தையில் கதிரையைப் போட்டு எல்லாவற்றையும் பதிந்தேன். கொப்பிப் பக்கங்களையும் அப்படியே ஏற்றப்போகிறேன் என்றதும் அவர் பதறினார். "என்ர எழுத்தையோ? பொறுங்கோ, புதுக் கொப்பியில வடிவா எழுதித் தாறன்."

"அக்கா, தயவுசெய்து இனி ஒண்டையும் கழுவாதேங்கோ!"

சிரித்து ஓய்ந்த பிறகு, சேகரித்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டேன். ஓமென்றால் கையெழுத்து வேண்டும் என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது எங்க இருக்கும்?"

"இணையத்தில அக்கா. ஒரே பிரதியைப் பல இடத்தில வைச்சிருப்பினம். இஞ்ச ஒண்டு அழிஞ்சாலும் மற்றது இருக்கும்."

"நாங்கள் நாலு தரம் இடம்பெயர்ந்தனாங்கள். கலியாணப் படமும் இல்லை, பிள்ளையளின்ர பள்ளிக்கூட றிப்போட்டும் இல்லை." கொப்பியின் மட்டையைக் கையால் துடைத்தார். "இனி எங்கயும் ஓட வேண்டி வந்தாலும், இது இருக்குமோ?"

"இருக்கும் அக்கா."

அவர் எழுந்து வேலியடிக்குப் போய், "பேர் போடலாமாம், வாங்கோ" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அவர்கள் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்கள். விறாந்தை நிறைந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்துவிட்டு, தகப்பன் பெயரோடு முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள். ஒருவர், உயிரோடு இல்லாத தம்பியின் பெயரையும் போடலாமா, இந்தக் கிணற்றை வெட்டியது அவன்தான் என்று கேட்டார். போட்டேன்.