லிங்க் போட்டால்தான் நம்புவார்கள்

ஜவ்வாது மலையில் சாமை, புளி, தேன் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் அடிவாரத்துப் படவேட்டுக்காரி. அவள் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பெண், தன் குக்கிராமத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். வேலை தேடுகிறவர்களும் கம்பெனிக்காரர்களும் புழங்கும் ஓர் இணையதளத்தில் ஆளுக்கொரு பதிவு எழுதிப் போடுவதும் எங்கள் வேலையில் ஒன்று.

அவள் என்னைவிட நன்றாக எழுதினாள். சாமைக் கதிர் முற்றியதைக் கையால் தொட்டே எப்படிச் சொல்வது என்று பத்து வரி எழுதியிருந்தாள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவள் பதிவுகளை அதிகம் பேர் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் எங்கள் கம்பெனியின் ஆன்லைன் கடைக்கு லிங்க் வைத்திருந்தாள். ஆளை வெளியே கூட்டிப் போகும் பதிவை அந்தத் தளம் அதிகம் பேருக்குக் காட்டாது என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். நானே சோதித்துப் பார்த்திருந்தேன். லிங்க்கோடு போட்ட படத்தை முப்பது பேர் பார்த்தார்கள். சில வாரம் கழித்து அதையே லிங்க் இல்லாமல் போட்டேன், இரண்டாயிரத்தைத் தாண்டியது. அதோடு லிங்க் வைப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் போன் சிக்னல் கிடைக்கும் மலைப்பாதை வளைவில் உட்கார்ந்து பதிவு போட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னுது மட்டும் ஏன்பா யாருக்கும் போவ மாட்டுது? இந்த லிங்க்காலயா?" என்று கேட்டாள்.

எங்களில் ஒருவரைச் சென்னை அலுவலகத்துக்கு எடுக்கப்போவதாக மேலாளர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. லிங்க் போட்டாதான் நம்புவாங்க. வேணும்னா ரெண்டா போடு," என்றேன்.

அவள் அடுத்த பதிவிலிருந்து இரண்டு போட்டாள்.

மாதக் கடைசியில் மேலாளர் வேலூரிலிருந்து வந்தார். கிடங்கிலேயே கூட்டம். சாமை புடைக்க வரும் பெண்களையும் உட்காரச் சொன்னார். அவர்களில் அவளுடைய அம்மாவும் இருந்தார். எங்கள் பதிவுகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை, ஆளுக்கொரு கோடாகச் சுவரில் படமாகக் காட்டினார். என் கோடு ஏறிக்கொண்டே போனது. அவளுடையது தரையோடு கிடந்தது. மேலாளர் அந்த அம்மாவைப் பார்த்து, "உங்க பொண்ணு எழுதறத உங்க ஊரு மாடுகூட திரும்பிப் பாக்கலம்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று புரியாமல் அந்த அம்மாவும் சிரித்தார்.

அவள் எழுந்து, தன் லிங்க் வழியாகப் பதினோரு ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னாள். உண்மைதான். என் பதிவுகள் ஒரு பாக்கெட்கூட விற்றதில்லை. ஆர்டரை விற்பனைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், தான் கேட்டது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான் என்றார் மேலாளர். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னை எனக்குக் கிடைத்தது. அவளைப் பேக்கிங்கில் லேபிள் ஒட்டப் போட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு என் பையைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றபோது கேட்டாள்.

"அன்னிக்கு வளைவுல கேட்டனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

அவள் பையை உள்ளே வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்று நடந்துவிட்டாள்.

எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. போளூர் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.