அந்தோனிப்பிள்ளையின் ஹீற்றர்

போர் முடிந்து மூன்றாம் வருடம். கற்பிட்டிக் கடற்கரைச் சூட்டில் வெந்துகொண்டு, பிக்கப்பில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று கராஜுக்குப் போன ஒரே மனிதர் அந்தோனிப்பிள்ளையாகத்தான் இருப்பார்.

“வெயில் மண்டையப் பொளக்குது, உங்களுக்கு ஹீற்றர் கேக்குதா அண்ணன்?” மெக்கானிக் ஸப்ராஸ் பாஸ் சிரித்தான். “நாளைக்குக் கம்பளிக் கோட்டும் தைக்கச் செல்லுவீங்க.”

அந்தோனிப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. கிழமைக்கொருதரம் பதியுதீன் முதலாளியின் கருவாட்டை நுவரெலியாச் சந்தைக்கு ஏற்றிப்போவதுதான் அவருடைய பிழைப்பு. போன கிழமை றம்பொடை மலை வளைவில் பனிப்புகார் மூடி, முன்கண்ணாடி உட்பக்கமும் வேர்த்து வெளுத்தது. சாரத்தால் துடைத்துத் துடைத்து ஓட்டியும் சக்கரம் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு சிப்பம் கருவாடு மழையில் ஊறிப் பழுதானது. கண்ணாடிக்குச் சூட்டுக் காற்று அடிக்கிற மாதிரிச் செய்யாவிட்டால் இனிச் சாமான் ஏற்ற ஏலாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மன்னாரில் வள்ளத்தையும் வலையையும் விட்டு ஓடிவந்தவருக்கு இந்தக் கிழட்டுப் பிக்கப்பை விட்டால் வேறு கதியில்லை.

ஸப்ராஸ் சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறி இரைந்தது. துவாரத்தில் கை வைத்தால் ஒரு மூச்சுக்கூட இல்லை.

“மோட்டர் நல்லம். காத்து உள்ளுக்கு வர வழியில்ல போல.”

நுளம்புத்திரி ஒன்றைக் கொளுத்தி, வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் சல்லடையில் பிடித்தான். புகை உள்ளே இழுபடாமல் நேரே மேலே போயிற்று. சல்லடையைக் கழற்றினால், உப்பும் மணலும் ஏறிப் பலகை போலான ஒரு நீலத் துணி.

றீற்றாவின் பழைய சீலை. வண்டி வாங்கிய அன்று புருசனும் பெண்சாதியுமாகத் திணித்தது. இந்தக் கரையில் எல்லோரும் செய்கிற வேலைதான். உப்புக் காற்று உள்ளே வராதபடி அந்த வாயை அடைப்பார்கள். ஹீற்றருக்குப் போகும் சுடுதண்ணீர்க் குழாயையும் எஞ்சினோடேயே திருப்பிக் கட்டிவிடுவார்கள். இங்கே யாருக்கு அது தேவை?

துணியை இழுத்ததும் துவாரத்தால் கரப்பான் சிறகும் மணலுமாகக் காற்று உள்ளே இருந்தவர் முகத்தில் அடித்தது. அந்தோனிப்பிள்ளை அப்போதுதான் சிரித்தார். அடுத்துக் குழாயைப் பழையபடி பூட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து கறள் பிடித்த சிவப்புத் தண்ணீர் அவர் காலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது.

“உள் ரேடியேற்றர் உக்கிப்போச்சு. இந்த மொடலுக்கு இப்ப சாமான் இல்ல அண்ணன்.” ஸப்ராஸ் குழாயை மறுபடி திருப்பிக் கட்டினான். “வெறுங்காத்து மட்டும் வரும். முதலாளிக்கிட்ட உள்ளதச் செல்லிருங்க.”

சொல்லத்தான் போனார். மறுநாள் காலை பத்து மணி வெயிலில், கருவாடு காயப்போடும் வாடி முன்னால், பதியுதீன் முதலாளி தானே சுவிட்சைப் போட்டுத் துவாரத்தில் கை வைத்தார்.

“மாஷா அல்லாஹ்! நல்லாச் சுடுதே!”

அது கற்பிட்டியின் காற்று. அன்றைக்கு அங்கே எந்தத் துவாரத்தில் கை வைத்தாலும் சுட்டிருக்கும். அந்தோனிப்பிள்ளை வாய் திறந்தார். வீட்டில் உலைக்கு அரிசி கேட்ட றீற்றாவின் முகம் வந்து நின்றது.

“ஓம் முதலாளி,” என்றார்.

அன்றைக்கே சாமான் ஏற்றிப் புறப்பட்டார். குருநாகல் வரை காற்று சுட்டது. கம்பளையில் வெதுவெதுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் குளிர்ந்துகொண்டே போனது. பின்னேரம் நாலு மணிக்கு றம்பொடையில் மழையும் புகாரும் சேர்ந்து இறங்க, கண்ணாடி பால் ஊற்றினதுபோல் வெளுத்தது. துவாரத்தின் நேரே இரண்டு உள்ளங்கை அகலம் தெளிந்தது, அதுவும் மூடிக்கொண்டது. அவர் தலையை வெளியே நீட்டிப் பத்து யார் தூரம் ஓட்டினார். பக்கத்தில் பள்ளம். மதகோரமாக நிறுத்தினார்.

போன் அடித்தது.

“எங்க அந்தோனி நிக்கிறீங்க?”

“றம்பொடையில.”

“என்ன நிக்கிறீங்க? கண்ணாடிக்குச் சூடு வருதுதானே?”

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

“வரேல்ல முதலாளி. நேத்துக் கராஜிலேயே வரேல்ல.”

“நான் கைய வெச்சுப் பாத்தேனே மனிசா. பாத்துட்டு நின்டீங்களே.” பிறகு, “அங்கனயே நில்லுங்க. கம்பளையிலிருந்து வேற வண்டி அனுப்புறன். சிப்பத்த மாத்திக் குடுத்துட்டு வாங்க.”

“அடுத்த கிழமை, முதலாளி…”

போன் வைபட்டுவிட்டது.

அந்தோனிப்பிள்ளை மழைக்குள் இறங்கினார். வருகிற வண்டிக்காரனைக் காக்கவைக்கக் கூடாதென்று, சிப்பங்களை மூடியிருந்த படங்கின் மேல் விறைத்துக் கிடந்த கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இளக்கத் தொடங்கினார்.