தட்டிவிட்டு நிற்பவர்

ஏற்காட்டில் நான் நர்ஸாக இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கு, திங்கட்கிழமைதோறும் ஒரு லாட்ஜ் ஊழியர் தலைவலி மாத்திரை கேட்டு வருவார். மெலிந்த உடம்பு, இறுகிய தாடை, நெற்றியைச் சுற்றிக் கட்டிய மஃப்ளர். கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டு, நாங்கள் குரல் கொடுக்கும்வரை வெளியிலேயே நிற்பார்.

"ஏனுங்ண்ணா, எப்ப வலிக்க ஆரம்பிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ரூம் காலி பண்ற நேரத்துலீங்க. கயித்தப் போட்டு இறுக்குன மாதிரி நொம்ப வலிக்குது."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; படித்ததைச் சொல்ல வாய்ப்பு வந்தால் விடமாட்டேன். இது மன இறுக்கத்தால் வரும் வலி, அடிக்கடி மாத்திரை போட்டால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும், கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தாடையைத் தளர்த்தி மெதுவாக மூச்சு விடுங்கள் என்றேன்.

"எல்லாம் செய்யறனுங்க. ஆனா கதவத் தட்டுனா உள்ளிருந்து சத்தம் வரோணுமில்லீங்க? அது வர்ற வரைக்கும் மண்ட இறுகுது."

"வராமயா போயிரும்?" என்று சிரித்தேன்.

"ஒருக்கா வரலீங்க கண்ணு. நாந்தான் சாவி போட்டுத் தொறந்தேன். ஒரு சோடி, உன்ற வயசுதான் இருக்கும். ரெண்டு பேருமே உசுரோட இல்ல."

"வேற வேல பாக்கலாமுல்லீங்ண்ணா?"

"நான் போனா இன்னொருத்தன் தட்டோணும்."

சேலத்தில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். தலையாட்டினார், போனாரா என்று தெரியாது.

இப்போதும் வருகிறார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே, அவர் கை கதவைத் தொடுமுன், "உள்ள வாங்கண்ணா" என்று குரல் கொடுத்துவிடுகிறேன்.