எந்தப் பக்கம்?

வெர்னாவை எங்கள் தீவில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. ‘எந்தப் பக்கம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மீன் ஆலையில் எடை போடும் வேலை. மற்ற நேரமெல்லாம் சமையலறை மேஜையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, கடலில் இருக்கும் படகுகளோடு பேச்சு. அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பள்ளியில் நானும் அவளும் ஒரே வகுப்பு. வெக்டர், ஸ்கேலார் பாடம் நடந்தபோது நான் தூங்கினேன். அவள் அதை ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டாள். “கரையிலேர்ந்து நாலு மைல்ல இருக்கேன்” என்று சொல்லிவிடக் கூடாது, பாய்ந்துவிடுவாள்.

“எந்தப் பக்கம்? மீன் எடைன்னா எண் போதும்டா மெரில். நீ எங்க இருக்கேன்னு சொல்லத் திசையும் வேணும்.”

“வந்துட்டாய்யா வாத்தியாரம்மா!” என்று எல்லாப் படகிலும் சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவன் நான்தான். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஒரு மே மாதம். சிங்கி இறால் கூண்டுகளைத் தூக்கத் தனியாகப் போயிருந்தேன். நாலாவது மைலில் எஞ்சின் செத்தது. மூடுபனி வேறு, படகின் முனைகூடத் தெரியவில்லை. நங்கூரக் கயிறு தரையை எட்டவில்லை. வடக்கே பன்றிமுதுகுப் பாறை. அதில் மோதிய மரப்படகு எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. ரேடியோவில் கத்தினேன்.

“கத்தாத. கிளம்பினது எந்தப் பக்கம்?” என்றாள் வெர்னா.

“நேர் கிழக்கு. நாலு மைல்.”

“பக்கத்துல கூண்டு மிதவை எதாவது தெரியுதா? எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ, அந்தப் பக்கம்தான் நீரோட்டம்.”

ஒன்று கடந்து போனது. திசைகாட்டியைப் பார்த்தேன். “வடக்கே” என்றேன்.

துறைமுகத்தில் என் அண்ணன் கிளைட் படகோடு கிளம்பத் தயாராக நின்றான்; அவன் குரலும் ரேடியோவில் கேட்டது. “நாலு மைல் போயிருக்கான். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள நீரோட்டம் மூணு மைல் இழுத்துரும். ஆக ஏழு மைல். நேரா கிழக்கே விடுறேன்” என்றான்.

“அட மண்டு! நாலும் மூணும் இங்க ஏழு இல்ல, அஞ்சு. வடகிழக்கே போ, கொஞ்சம் கிழக்க ஒட்டி. அங்க நிப்பான்.”

“நாலும் மூணும் அஞ்சா? யாருகிட்ட காது குத்துற?”

“போடான்னா போ! கணக்கு தப்புன்னா அப்புறம் வந்து என்னைத் திட்டு.”

போனான். பாறையில் அலை அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியபோது, கிளைட் படகின் ஊதலும் கேட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். மேஜை விரிப்பில் பென்சிலால் இரண்டு அம்புகள்: கிழக்கே ஒன்று நாலு அங்குலம், அதன் முனையிலிருந்து வடக்கே ஒன்று மூன்று அங்குலம். துறைமுகத்திலிருந்து கடைசி முனைக்குக் குறுக்கே ஒரு கோடு, சரியாக அஞ்சு அங்குலம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். “விரிப்பைத் துவைச்சுக் குடு, அது போதும்” என்றாள். நான் துவைக்கவில்லை. இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது.

அவள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது படகிலேயே ஒரு திரை, எல்லாவற்றையும் அதுவே காட்டுகிறது. ஆனாலும் கடலுக்குப் போனால் ரேடியோவை எடுத்து, “கரையிலேர்ந்து நாலு மைல்ல இருக்கேன்” என்கிறேன். வேண்டுமென்றேதான் திசையைச் சொல்வதில்லை. யாரும் திட்டுவதில்லை.